வெள்ளவத்தையில் வாங்கிய விலங்கு உடலமைப்பு மாதிரித் தொகுதி

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தர உயிரியல் கற்கும் மாணவர்களுக்கு உடற்குழியை (குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையிலுள்ள வெளி) கரும்பலகைப் படத்தால் மட்டும் விளக்குவது கடினம். காலி வீதியிலுள்ள புத்தகக் கடையொன்றில் நான் வாங்கிய இந்தப் பிளாஸ்டிக் மாதிரித் தொகுதி அக்குறையைப் பெருமளவு தீர்க்கிறது.

தட்டைப்புழு, வட்டப்புழு, மண்புழு ஆகியவற்றின் குறுக்குவெட்டுகளே இதன் சிறப்பு. மூன்றும் இருபக்கச் சமச்சீரும் (இடது, வலது பாதிகள் ஒத்திருத்தல்) மூன்று முளையப் படைகளும் (முளையத்தில் உடலுறுப்புகளைத் தோற்றுவிக்கும் புற, இடை, அகப் படைகள்) கொண்டவை. ஆயினும் தட்டைப்புழுவில் குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையே இழையம் நிறைந்திருப்பதையும், வட்டப்புழுவில் அவ்விடம் பாய்மம் நிரம்பிய போலி உடற்குழியாக இருப்பதையும், மண்புழுவில் இடைப்படையால் முற்றாகப் போர்க்கப்பட்ட மெய்யுடற்குழி அமைந்திருப்பதையும் மாணவர் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தே உணர்ந்துகொள்ள முடிகிறது. மண்புழுவின் குடற்சுவரில் தசைப்படையைத் தனி நிறத்தில் காட்டியிருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. உடல் அசைவைச் சாராமல் குடல் தானாகச் சுருங்கி உணவை நகர்த்துவது அத்தசையால்தான்.

கடற்பஞ்சு, ஜெலிமீன் மாதிரிகள் சாதாரணமானவை.

கையேட்டில் ஒரு பிழை என்னை உண்மையிலேயே வருத்தியது. ஆரைச் சமச்சீரை (மையத்தைச் சுற்றி உறுப்புகள் ஒரே சீராக அமைதல்) மட்டும் கொண்டு நட்சத்திரமீனை ஜெலிமீனுடன் ஒரே கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். நட்சத்திரமீனின் குடம்பி (முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவம்) இருபக்கச் சமச்சீருடையது. நிறைவுடலியின் ஐந்தாரை அமைப்பு பின்னர் தோன்றுவது. முளைய விருத்தியில் முதலில் தோன்றும் துவாரம் முதுகெலும்பிகளில் போலவே குதமாக மாறுவதால், நட்சத்திரமீன் முதுகெலும்பிகளுக்கே நெருங்கிய உறவு. ஆசிரியர்கள் அப்பக்கத்தைத் திருத்திய பின்னரே கையேட்டை மாணவரிடம் கொடுக்க வேண்டும்.