மூன்றாம் வருடத்தில் எது நின்றது: நான்கு மாற்றுப் பாத்திகள், ஆறு வருட அனுபவம்

வீட்டுப் பின்புறம் முழுக்க சிமென்ட் தளம். ஓர் ஓரத்தில் மட்டும் இரண்டு ஆள் படுக்கிற அளவுக்கு மண் உண்டு, அதிலும் வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசல்தான் பாதி, கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம் வரும். வேறு வழியில்லாமல்தான் இந்த மாற்றுப் பாத்திகளுக்குள் வந்தேன். ஆறு வருடம் ஆகிறது. வைக்கோல் கட்டு, மரக்கட்டை புதைத்த மேடு, வளர்ப்புப் பை, அடியில் நீர்த்தொட்டி வைத்த பெட்டி என்று நான்கையும் குறைந்தது இரண்டு வருடமாவது ஓட்டிப் பார்த்துவிட்டேன். இவற்றைப் பற்றி நான் படித்த அனுபவங்கள் பெரும்பாலும் முதல் அறுவடைப் படத்தோடு முடிந்துவிடும். முதல் வருடம் எல்லாமே காய்க்கும். புது மண், புது உரம், நாமும் தினம் மூன்று தடவை போய்ப் பார்ப்போம். மூன்றாம் வருடம் என்ன ஆகிறது என்று யாரும் சொல்வதில்லை.

வைக்கோல் கட்டில்தான் தொடங்கினேன். இயந்திரத்தில் இறுக்கிக் கட்டிய செவ்வகக் கட்டை அப்படியே வைத்து அதிலேயே நாற்றை நடுவது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் கட்டு வந்த அன்றே நட முடியாது. வைக்கோலில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் சுமார் 80-க்கு 1. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு 25 அல்லது 30-க்கு 1 இருந்தால்தான் தோதுப்படும். பற்றாத தழைச்சத்தை எங்கே கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும், நாற்றுக்குப் போட்ட உரத்தையும் விடாது. அதனால் 10 முதல் 14 நாள் வரை கட்டைப் பதப்படுத்த வேண்டும்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் கைப்பிடி யூரியாவைத் தூவி நனைப்பது, இடைப்பட்ட நாளில் வெறும் தண்ணீர். நாலைந்து நாளில் உள்ளே கையை விட்டால் சுடும், 50 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். அது தணிந்து இளஞ்சூடாகும் வரை பொறுக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை. மேற்புறம் ஆறியிருந்ததை நம்பி எட்டாம் நாளே ஆறு தக்காளி நாற்றுகளை வைத்தேன், ஐந்து வெந்துபோயின. மிஞ்சிய ஒன்று கடைசி வரை வளரவும் இல்லை, சாகவும் இல்லை.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தபோது கத்தரியும் வெள்ளரியும் நன்றாகவே வந்தன. களை கிடையாது, அதிகம் குனிய வேண்டியதில்லை, மண்வழி நோயும் வரவில்லை. இடையில் குடைக் காளான் முளைத்து இரண்டே நாளில் கறுப்பு மையாக உருகி வழிந்தது, பார்க்கத்தான் அருவருப்பு, செடிக்கு ஒன்றும் ஆகாது (பறித்துச் சமைத்துவிடாதீர்கள்). பிரச்சினை தண்ணீர். கட்டுக்குள் எவ்வளவு ஊற்றினாலும் அடியில் ஓடிவிடும், வெயில் நாளில் காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றினேன். அப்புறம் மூன்றாம் மாதம் ஒரு கட்டு காயோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிறு பக்கவாட்டில் சுற்றி வருகிற மாதிரியும் வைக்கோல் தாளின் வெட்டுமுனை மேலே தெரிகிற மாதிரியும் வைத்திருக்க வேண்டும், நான் கயிறு தரையில் படும்படி வைத்துவிட்டேன், அது மட்கி அறுந்துபோயிற்று.

இன்னொன்று, இதைத்தான் யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். வைக்கோல் எந்த மருந்து அடித்த வயலிலிருந்து வந்தது என்று கேளுங்கள். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் தானியப் பயிரை ஒன்றும் செய்யாமல் அகன்ற இலைச் செடிகளை மட்டும் தாக்குபவை. அறுத்த பிறகும் தாளில் பல மாதம் தங்கும், அந்தத் தாளைத் தின்ற மாட்டின் சாணத்திலும் வரும். தக்காளித் தளிர் விரியாமல் சுருண்டு கொக்கி மாதிரி வளைந்தால் நோய் என்று நினைத்து மருந்தடிக்கக் கிளம்பாதீர்கள். சந்தேகமான வைக்கோலைக் கொஞ்சம் நறுக்கி ஒரு தொட்டி மண்ணில் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள், பக்கத்திலேயே வைக்கோல் கலக்காத தொட்டி ஒன்றும் இருக்கட்டும். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மரக்கட்டை மேட்டை அந்த ஓரத்து மண்ணில் போட்டேன். ஹியூகல்கல்ட்டூர் என்று ஜெர்மன் பெயர், மேட்டுச் சாகுபடி என்று பொருள். கட்டைகளை அடுக்கி அதன் மேல் கிளை, சருகு, தொழு உரம், மண் என்று குவிப்பது. கட்டை மட்க மட்க நீரைப் பிடித்துவைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு வருடங்கள் ஆகின்றன. முதல் இரண்டு வருடம் செடிகள் மஞ்சளாகவே நின்றன, மேடு பாதி உயரத்துக்கு இறங்கியது, கரையானும் வந்தது. மூன்றாம் வருடம் பூசணி அமோகமாகக் காய்த்தது, சரி இனிமேல் கவலையில்லை என்று நினைத்தபோது பெருச்சாளி அடியில் வளை தோண்டிக் குடும்பத்தோடு குடியேறிவிட்டது. வீட்டுச் சுவரை ஒட்டி இதைச் செய்யாதீர்கள். பெரிய தோட்டம் இருப்பவர்களுக்கு இது வேறு கதையாக இருக்கலாம்.

வளர்ப்புப் பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் வைத்திருக்கிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை வெயிலில் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை, தூக்கினால் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. துணிப் பை நீடித்தது, வேர் ஓரத்துக்கு வந்ததும் காற்றுப் பட்டு நுனி காய்வதால் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளராது, ஆனால் அந்தத் துணி வழியாகவே ஈரமும் போய்விடும். தென்னை நார்க்கழிவு வாங்கினால் கழுவாமல் போடாதீர்கள், சிலவற்றில் உப்பு அதிகம். இங்கே நான் செய்த பெரிய தப்பு வேறு. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து உட்குழிந்தது, பூச்சி என்று நினைத்து ஒரு பருவம் முழுக்க எதையெதையோ அடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பூச்சியும் இல்லை நோயும் இல்லை, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத கோளாறு. மண்ணில் சத்து இருந்தது, ஆனால் அது தண்ணீரோடுதான் மேலே ஏறும், நானோ ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கிக்கொண்டிருந்தேன். சிறிய பையில் இதைத் தவிர்ப்பது கஷ்டம்.

அந்தக் கறுத்த காய்கள்தான் என்னை அடியில் தொட்டி வைத்த பெட்டிக்குக் கொண்டுவந்தன. ஆங்கிலப் பெயரையே விக்கிங் பெட் என்று சொல்கிறார்கள், விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மண் கீழேயிருந்து நீரை இழுக்கும். நீர் புகாத பெட்டி, அடியில் 15 சென்டிமீட்டர் நீர்த்தேக்கம், அதன் மேல் துணி, துணிக்கு மேல் 30 சென்டிமீட்டர் மண், நீர் ஊற்ற ஒரு செங்குத்துக் குழாய், தேக்கத்தின் உச்சியில் உபரி நீர் வெளியேற ஒரு துளை. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் ஒரே மழையில் வேர் மூச்சுமுட்டிவிடும். மண்ணை 30-க்கு மேல் உயர்த்தினால் மேல்பகுதிக்கு ஈரம் சரியாக ஏறாது. குழாய் வாயில் வலை கட்டாவிட்டால் கொசு வளரும், கட்டாயம் வளரும்.

முதல் பெட்டியில் தேக்கம் முழுக்க ஜல்லி போட்டேன், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஜல்லி வழியாக நீர் மேலே ஏறாது! நீர்மட்டம் துணியைத் தொடும் வரைதான் மண்ணுக்குக் கிடைக்கும், கொஞ்சம் இறங்கினாலும் அடியில் தண்ணீர் நிற்க மேலே செடி வாடும். இரண்டாவது பெட்டியில் ஜல்லிக்கு நடுவே ஓட்டை போட்ட நான்கு பூந்தொட்டிகளைக் கால்கள் மாதிரி நிறுத்தி அவற்றுக்குள் மண் நிரப்பி, மேல் மண் அந்தக் கால்கள் வழியாகத் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி செய்தேன். ஈரம் ஏறியது, ஆனால் கால்களில் மட்கு உரம் கலந்துவிட்டேன், இரண்டே மாதத்தில் குழாயிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். தண்ணீருக்குள் மூழ்கும் பகுதியில் மணலும் செம்மண்ணும் மட்டும் போதும், உரமெல்லாம் மேலேதான். மூன்றாவது பெட்டிதான் சரியாக அமைந்தது, நான்கு வருடமாக ஓடுகிறது. கோடையில் வாரம் இரண்டு தடவை குழாயில் ஊற்றுகிறேன், மற்ற நாட்களில் அரை வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவும் முடிகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை எல்லாம் வருகின்றன, காயடி கறுப்பது அநேகமாக நின்றேவிட்டது. நாற்று நட்ட முதல் இரண்டு வாரம் மட்டும் மேலேயிருந்துதான் ஊற்ற வேண்டும், வேர் கீழே இறங்கும் வரை.

குறை இல்லாமலும் இல்லை. நீர் கீழேயிருந்து மேலேயே போவதால் உப்பெல்லாம் மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும், சில மாதத்துக்கு ஒரு தடவை மேலேயிருந்து துளை வழியே ஓடுகிற வரை ஊற்றி அலச வேண்டும், நல்ல மழை பெய்தால் அந்த வேலை மிச்சம். கொடிக்குக் குச்சி ஊன்றி ஒரு தடவை நீர் ஒழுகாமல் அடியில் விரித்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன், எங்கே ஒழுகுகிறது என்று தேட மண் முழுவதையும் அள்ள வேண்டியிருந்தது. இப்போது பந்தலெல்லாம் பெட்டிக்கு வெளியேதான். எடை வேறு: ஒரு சதுர மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் ஈர மண், கீழே தண்ணீர், ஜல்லி எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். மாடியில் வைக்க நினைப்பவர்கள் கட்டிடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

மண் இறங்குவது மட்டும் எந்த முறையிலும் நிற்கவில்லை. 30 சென்டிமீட்டர் நிரப்பியது இரண்டு வருடத்தில் 22-க்கு வந்துவிட்டது, மட்கு உரம் அதிகம் சேர்த்த பெட்டி இன்னும் வேகமாக இறங்கியது. இப்போதெல்லாம் வைக்கோல் கட்டு ஒன்றை வாங்கி மூலையில் போட்டுவிடுகிறேன், அதில் எதையும் நடுவதில்லை, மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து அதை உதறிப் பெட்டிகளின் மேல் நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிடுகிறேன், மூடாக்குக்கு மூடாக்கும் ஆயிற்று, மட்கி இறங்கிய மண்ணுக்கு ஈடும் ஆயிற்று.