செல்லுக்குள் அந்தச் சொல் இருக்கிறதா: சர்ச்சா, கவுண்ட்இஃப்பா?

எக்செல்லில் ஒரு செல்லுக்குள், அதாவது ஒரு கட்டத்துக்குள், குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்கப் பலரும் எடுப்பது இரண்டு ஃபார்முலா வழி: இஸ்நம்பருக்குள் (ISNUMBER) சர்ச் (SEARCH), அல்லது தேடும் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி (*) போட்ட கவுண்ட்இஃப் (COUNTIF). சர்ச், சொல் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்று எண்ணைத் தரும், இல்லாவிட்டால் பிழை காட்டும், அதனால்தான் வந்தது எண்ணா என்று பார்த்துச் சொல்லும் இஸ்நம்பர் சுற்றி வேண்டியிருக்கிறது. கவுண்ட்இஃப்பில் அந்தத் தொல்லை இல்லை. 1 அல்லது 0, அவ்வளவுதான். முழு நெடுவரிசையில் எத்தனை செல்லில் இருக்கிறது என்று எண்ணவும் அந்த ஒரே ஃபார்முலா போதும்.

ஆனால் பின்கோடு மாதிரி விஷயத்தில் கவுண்ட்இஃப் காலை வாரிவிடும். 600004 என்று எண்ணாகப் பதிந்த செல்லில் 600 இருக்கிறதா என்று கேட்டால் 0 என்றே சொல்லும், ஏனென்றால் நட்சத்திரக் குறி உரையோடுதான் பொருந்தும், எண்ணோடு பொருந்தாது. பிழைச் செய்தியும் வராததால் தவறு கண்ணில் படாமலே பட்டியலோடு போய்விடும். சர்ச் எண்ணையும் உரையாக எடுத்துக்கொண்டு தேடும், 600 கிடைத்துவிடும். எண்ணும் எழுத்தும் கலந்த பட்டியல் என்றால் நான் சர்ச் பக்கம்தான்.

அப்புறம், இரண்டுமே ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது. அது முக்கியம் என்றால் சர்ச் இருக்கும் இடத்தில் ஃபைண்ட் போடுங்கள்.