பிரேக் ஆயிலே இல்லாத காருக்கு பிரேக் ஆயில் பில்

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக ஃபோர்ட் பிரிஃபெக்ட், ஆங்லியா, பழைய ஆஸ்டின் என்று கம்பி பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள், பட்டறையில் சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டி 1951 பிரிஃபெக்ட். தோட்டத்தில் கிராணியாக இருந்த பெரியப்பாவிடமிருந்து வந்தது. 1172 சிசி எஞ்சின், கெர்லிங் கம்பெனியின் கம்பி பிரேக், 10 அங்குல டிரம். மிதியை அழுத்தினால் அடியில் ஓடும் இரும்புக் கம்பிகள் இழுபட்டு, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் ஷூவை விரிக்கும், ஷூ மேல் உள்ள லைனிங் பட்டை டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும். அவ்வளவுதான். மாஸ்டர் பம்ப் கிடையாது, டியூப் கிடையாது, ஒரு சொட்டு பிரேக் ஆயில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பில் வரும்போது தேவைப்படும்.

மிதி கீழே போக ஆரம்பித்தது, பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. ஈப்போ போகும் வழியில், சுவர் நிறைய பழைய கார் படம் மாட்டியிருக்கும் ஒரு பட்டறையில் விட்டேன். "கவலப்படாதீங்கண்ணே, இந்த மாதிரி வண்டி நெறைய பார்த்தாச்சு, லைனிங் புதுசா போட்டு செட் பண்ணித் தர்றேன்" என்றார் முதலாளி. வாங்கப் போன அன்று மிதி கல் மாதிரி இருந்தது. காலை வைத்ததும் நின்றது. யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மழை விட்ட நேரம், தோட்டத்துச் செம்மண் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி. மிதித்தேன், மிதி பாதிக்கு மேல் போய்விட்டது, வண்டி லோரி இருந்த பக்கம் திரும்பியது. லோரிக்காரர் ஒதுங்கினார், நான் பிழைத்தேன். இறங்கிப் பார்த்தால் முன் வலது டிரம் கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை. இடது டிரம் சில்லென்று இருந்தது.

தோட்டத்து லோரி பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். வண்டிக்கடியில் டார்ச் அடித்த உடனே அவர் காட்டியது இது: கம்பி முனைகளில் திருகு மறை புதுசாகப் பளபளக்கிறது, கம்பியை நெம்புகோலோடு இணைக்கும் கவைகளை உள்ளே திருகி ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு நீளத்துக்குக் குறுக்கியிருக்கிறார்கள். ஆனால் சக்கரத்தின் பின்தட்டில் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரில் பழைய சேறும் கிரீசும் அப்படியே உறைந்து கிடக்கிறது. ஒரு ஸ்பேனர்கூட அதில் படவில்லை.

கெர்லிங் பிரேக்கில் லைனிங் தேய்ந்தால் கம்பியில் கை வைக்கவே கூடாது. சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டு அட்ஜஸ்டரை வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு படியும் 'கிளிக்' என்று கையில் தெரியும். ஷூ டிரம்மைப் பிடித்து நின்றதும் ஒரு கிளிக் பின்னால் விட்டால் சக்கரம் தடையில்லாமல் சுற்றும். கம்பியைக் குறுக்கினாலும் அன்றைக்கு மிதி மேலே வரும், உண்மைதான். ஆனால் நெம்புகோல்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பாமல் பாதி இழுத்தபடியே நிற்கும். ஷூ டிரம்மை விடாமல் உரசும், சூடேறும், இருக்கிற லைனிங்கும் சீக்கிரம் கரையும். கம்பிக்குக் கம்பி நீளம் மாறினால் சக்கரத்துக்குச் சக்கரம் பிடியும் மாறும். வண்டி ஏன் லோரியைத் தேடிப் போனது என்று அப்போதுதான் விளங்கியது.

டிரம்மைக் கழற்றினோம். 'புது' லைனிங் என்று சொன்னது பழையதேதான். ரிவெட் தலைகள் மேலே வந்து டிரம்மில் கோடு போட்டிருந்தன. பின்சக்கரம் ஒன்றில் ஆக்ஸில் ஆயில் கசிந்து லைனிங் ஊறிப்போயிருந்தது. எல்லாவற்றையும்விட எனக்குக் கை நடுங்கியது வேறொன்றைப் பார்த்துத்தான். ஒரு கவையில், முளை கழன்று வராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். அது அறுந்தால் முளை நழுவும், அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கே இல்லை.

அப்புறம் பில்லை எடுத்துப் பார்த்தேன். 840 ரிங்கிட். அதில் 'மின்யாக் பிரேக்', அதாவது பிரேக் ஆயில், 'மாஸ்டர் பம்ப் கிட்', பிரேக் டியூபிலிருந்து காற்று எடுத்த கூலி! போன் போட்டுக் கேட்டால், "அது பேக்கேஜ்ண்ணே, எல்லா காருக்கும் அப்படித்தான் போடுவோம்" என்கிறார். கூச்சமே இல்லை.

வண்டியை அந்த அண்ணன்தான் சரி செய்தார். ஆக்ஸில் சீல் மாற்றி, ஷூக்களுக்குப் புது லைனிங் ரிவெட் அடித்து, தேய்ந்த முளைகளை மாற்றி, கம்பிகளைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியில் இருக்கைக்கும் மிதிக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, தூக்கி நிறுத்திய நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்த்தார். நான்கும் ஒரே அளவுக்கு இறுகும்வரை விடவில்லை.

நீங்கள் பட்டறைக்குப் போனால் ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்க அட்ஜஸ்ட் பண்ணுவீங்க?" கம்பியைக் காட்டினால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய லைனிங்கை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் தூசியை ஊத விடாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

பில், படங்கள், கட்டுக் கம்பி மூன்றையும் வைத்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். இதே பட்டறையில் ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்கலாம்.