மூச்சுக்கு எந்த விசில் ஈடு கொடுக்கும்? உயர்தரக் கைவினை விசில்கள்: ஓர் ஒப்பீடு

ஐரிஷ் நாட்டுப்புற இசையில் விசில் (ஆறு துளைகள் கொண்ட, நேராகப் பிடித்து ஊதும் குழல்) வாசிப்பவர்கள், பழகு கருவியைத் தாண்டி நல்ல விசில் ஒன்றைத் தேடத் தொடங்கியதும் பித்தளையா, அலுமினியமா, மரமா என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். தேடலை அங்கிருந்து தொடங்குவது சரியல்ல என்பது என் கருத்து. 1971-இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், உள் அளவுகள் ஒன்றாகவும் சுவர்ப் பொருள் மட்டும் வெள்ளி, செம்பு, மரம் என வேறாகவும் அமைந்த மூன்று புல்லாங்குழல்களை வைத்துச் சோதித்தபோது, கேட்டவர்களாலும் சரி, கண்ணால் பார்க்காமல் வாசித்தவர்களாலும் சரி, எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. விசிலின் குரலைத் தீர்மானிப்பவை காற்றுப் பாதையின் உயரமும் அகலமும், அதிலிருந்து வரும் காற்று மோதும் விளிம்பின் கூர்மையும், குழலின் உட்புற வடிவமும்தான். ஆகவே நான் இங்கே ஒப்பிடுவது உலோகங்களை அல்ல; ஒவ்வொரு கருவியும் மூச்சை எவ்வளவு தடுக்கிறது, அந்த மூச்சைக் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் எப்படிப் பங்கிடுகிறது என்பதையே.

இந்தப் பங்கீடுதான் விசில் செய்பவருக்குத் தீராத தலைவலி. மேற்கத்திய இசையின் டி (D) ஸ்வரத்தில் அமைந்த டி விசிலில் ஆறு துளைகளையும் மூடினால் ஒலிக்கும் அடி டி ஏறத்தாழ 587 ஹெர்ட்ஸ். மெட்டுகளில் அடிக்கடி வரும் மேல் பி ஏறத்தாழ 1,975 ஹெர்ட்ஸ். குழலை அகலமாக்கினால் அடி ஸ்வரம் தடித்து நிற்கும். ஆனால் மேலே ஏற வலுவாக ஊத வேண்டியிருக்கும். குழலைக் குறுக்கினால் மேல் ஸ்தாயி வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் அடி ஸ்வரம் மெலிந்து, சற்று அழுத்தி ஊதினாலே மேலே தாவிவிடும். விலை எவ்வளவு கூடினாலும் இந்தச் சமரசம் மறைவதில்லை. நல்ல கைவினைஞர் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே விட்டுக்கொடுத்திருப்பார் என்பதுதான் வேறுபாடு.

உயர் டி விசில்களில் என் மனத்தில் எப்போதும் எதிரெதிரே நிற்பவை இரண்டு: ஜான் சிண்ட் செய்த பித்தளை விசிலும், மைக்கேல் கோப்லண்ட் செய்த பித்தளை விசிலும். இருவரும் அமெரிக்கர்கள், கையாண்ட உலோகமும் ஒன்றே, ஆனால் இரண்டு கருவிகளையும் அடுத்தடுத்து ஊதினால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றே தோன்றாது. சிண்ட் விசில், பித்தளைக் குழலும் பிளாஸ்டிக் தலையும் கொண்ட மலிவான ஜெனரேஷன் விசிலின் நேர் வாரிசு. நூற்றில் ஒன்றாக அமையும் நல்ல ஜெனரேஷனுக்கு இருக்கும் அதே இனிமையும் அதே சிறிய கரகரப்பும் இதில் உண்டு; ஆனால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை. செரிஷ் தி லேடிஸ் குழுவின் ஜோனி மேடன் கையில் இந்த விசில் எவ்வளவு வேகமாகப் பேசும் என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். கோப்லண்ட் விசிலோ கூம்பு வடிவக் குழல் கொண்டது. இதன் அடி ஸ்வரங்களில் மரப் புல்லாங்குழலின் சாயல் கனமாகத் தெரியும்.

வேறுபாட்டை அறிய நீண்ட மெட்டு எதுவும் தேவையில்லை. கீழ் ஈ-யில் ஒரு ரோல் வாசித்தால் போதும்: ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, மேலுள்ள விரல் ஒன்றைக் கண நேரம் தூக்கி வெட்டி, பிறகு கீழுள்ள விரலால் துளையைத் தட்டி மீளும் அலங்காரம் அது. சிண்டில் வெட்டும் தட்டும் தனித்தனித் துளிகளாகத் தெறிக்கும்; ரீல் என்ற வேகமான நடன மெட்டிலும் அவை மங்குவதில்லை. கோப்லண்டில் அவை ஸ்வரத்தோடு இழைந்து உருண்டு வரும். ஏர் எனப்படும் நிதானமான மெட்டை வாசிக்கும்போது இதைவிட அழகு வேறில்லை, வேகம் கூடும்போதோ அந்த இழைவே சற்றுக் குழைவாகிவிடுகிறது. மூச்சும் கோப்லண்டுக்குத்தான் அதிகம் தேவை. நீண்ட சொற்றொடரின் முடிவில் மேல் ஏ, பி ஸ்வரங்களுக்கு மூச்சைச் சேமித்து வைக்கத் தெரியாதவர், அந்த இடங்களில் சுருதி சரிவதைக் கேட்டே தீருவார்.

ஜி மேஜர் மெட்டுகளுக்கு வேண்டிய சி நேச்சுரல் (உயர்த்தாத, தாழ்த்தாத சி) இன்னொரு சோதனை. முதல் துளையைத் திறந்து, இரண்டையும் மூன்றையும் மூடி இதை எடுக்கும்போது ஸ்வரம் சரியாக விழ வேண்டும். எல்லாத் துளைகளையும் திறந்தால் வரும் சி ஷார்ப்பும் (அரை ஸ்வரம் உயர்ந்த சி) சரியாக இருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும் என்பதால், சிலர் சி ஷார்ப்பைச் சற்றுத் தாழ்த்தியே விட்டுவிடுவார்கள். ரீல், ஜிக் போன்ற நடன மெட்டுகளை வாசிப்பவருக்கு அந்த முடிவே சரி; டி மேஜரில் மெதுவான ஏர்களை விரும்புபவருக்கு அது உறுத்தும்.

செஷனில் பிறரோடு அமர்ந்து வாசிக்க என் தேர்வு சிண்ட். காரணம் ஒலியளவுதான். ஃபிடிலும் அக்கார்டியனும் இருக்கும் மேசையில் விசிலின் மேல் ஸ்தாயி எப்படியும் துளைத்துக்கொண்டு கேட்கும். அதற்கு மேலும் வலு சேர்க்கும் கருவி பக்கத்தில் இருப்பவரின் காதுக்குத் தண்டனை. தனியாக வாசிக்க, அல்லது கித்தார் ஒன்று மட்டும் துணைக்கு இருக்க வாசிக்க, கோப்லண்டையே எடுப்பேன்.

இன்னொரு கைவினைஞரான மைக்கேல் பர்க்கின் விசில்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுருதி சுத்தம், ஸ்தாயிகளின் சமநிலை, குறைந்த மூச்சு என்று பட்டியலிடக்கூடிய எல்லாவற்றிலும் இவை முன்னே நிற்கின்றன. ஒன்றுக்கு ஒன்று மாறாத தரமும் உண்டு. ஆனாலும் ஒரு மணி நேரம் வாசித்தபின் என் காது அந்தச் சிறிய கரகரப்பைத் தேடத் தொடங்கிவிடுகிறது. மேடையில் ஒலிவாங்கிக்கு முன் நிற்பவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். எனக்கென்று வாங்குவது இதை அல்ல.

மர விசில்களில் கிறிஸ் ஏபலின் கருங்காலி விசிலே பலருக்கும் அளவுகோல். ஆப்பிரிக்கக் கருங்காலி மரத்தைக் கடைந்து, வெள்ளி வளையமிட்டுச் செய்யப்படும் இதன் ஒலி உருண்டு திரண்டது, கசிவற்றது, வலுவானது. ரெக்கார்டர் என்ற ஐரோப்பிய மரக் குழலின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது என்றும் சொல்லலாம். இந்தச் சுத்தம் சிலருக்கு வரம். எனக்கு அது நடன மெட்டுகளின் துள்ளலைச் சற்று அடக்கிவிடுவதாகவே படுகிறது. பராமரிப்பும் உலோகத்தைப் போல எளிதல்ல: எண்ணெய் பூச வேண்டும், வறண்ட காற்றில் வெடிக்காமல் காக்க வேண்டும், புதிய கருவியை நாளுக்குச் சில நிமிடங்கள் என்று பொறுமையாகப் பழக்க வேண்டும். நாடு விட்டு நாடு எடுத்துச் செல்வதில் முன்பிருந்த சிக்கல் இப்போது குறைந்திருக்கிறது. 2017 ஜனவரியில் இந்த மர இனம் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2019 நவம்பரில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

லோ விசிலுக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் லோ டி-யின் நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதால், விரல் நுனிக்குப் பதில் நடுக் கணுவின் தசையால் மூடும் குழல் பிடியைப் பழகியாக வேண்டும். இந்தக் கருவியின் இன்றைய வடிவம் இங்கிலாந்தின் ரக்பி நகரைச் சேர்ந்த பெர்னார்ட் ஓவர்டனிடமிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில், ஐரிஷ் இசைக் கலைஞர் ஃபின்பார் ஃபியூரியின் மூங்கில் குழல் பழுதானபோது, அதற்கு ஈடாக ஓவர்டன் அலுமினியத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். அந்த மரபை ஜெர்மனியில் காலின் கோல்டி தொடர்கிறார். அதற்குப் போட்டியாக நிற்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மிஷா சோமர்வில் உருவாக்கிய எம்கே விசில்.

எம்கே உடனே பேசும் கருவி. மென்மையாக ஊதினாலும் அடி ஸ்வரம் நிலைத்து நிற்கும், அழுத்தினால் உறுமும், ஸ்தாயி மாறும் இடத்தில் தடையே தெரியாது. கோல்டி விசில் மூச்சை எதிர்த்துத் தள்ளுகிறது. முதல் சில வாரங்களில் இது குறையாகவே தோன்றும். அந்த எதிர்ப்பின் மேல் மூச்சைச் சாய்த்து நிற்கப் பழகியபின், ஒரு ஸ்வரத்தை உடையாமல் தேய்த்து, வளைத்து, மீண்டும் பெருக்க முடிகிறது. ஐரிஷ் பைப்பின் (துருத்தியால் ஊதும் பைக்குழல்) முனகலை லோ விசிலில் கொண்டுவந்த பைப் கலைஞர் டேவி ஸ்பில்லேனின் வாசிப்புக்கு அடியில் இருப்பது ஓவர்டன் மரபின் இந்த எதிர்ப்புத்தான். குறுகிய காற்றுப் பாதையில் ஈரம் படிந்து குரல் அடைத்துக்கொள்வது இதன் விலை. குளிர்ந்த அறையில் தலைப்பகுதியை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வது வழக்கம். அடைத்தால் தலைப்பகுதியில் ஒலி பிறக்கும் திறப்பை விரலால் மூடிப் பலமாக ஒரு முறை ஊதித் தள்ள வேண்டும். சுருதியும் வெப்பநிலைக்கேற்ப நகரும்; 10 டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறத்தாழ 30 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே உயர் விசிலோ லோ விசிலோ, சுருதி திருத்த நகரும் தலை இல்லாத கருவியைக் கூட்டு வாசிப்புக்கு வாங்க வேண்டாம்.

முதல் லோ விசில் வாங்குபவருக்கு எம்கே போதும், பலருக்கு அதுவே கடைசி விசிலாகவும் இருக்கும். எனக்குப் பிடித்தது கோல்டி. மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை ஊது தடையில் அவர் செய்து தருவதால், சொல்லி வாங்கும்போது மூச்சின் அளவை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏர்களுக்காக மட்டும் வாங்குபவர் கடினத்தைத் துணிந்து கேட்கலாம். ஜிக்கும் ரீலும் அதே கருவியில் வாசிக்க வேண்டுமென்றால் நடுத்தரத்துக்கு மேல் போக வேண்டாம்.