கழுத்து நரம்பு வலிக்கு மொத்தமா பணம் கட்டாதீங்க, 42,000 ரூபாய் போச்சு

கை குடைச்சல், தோள்பட்டை வலின்னு அலையுற வடசென்னை மக்களே, தயவுசெஞ்சு படிங்க. "ஆபரேஷன் இல்லாம முதுகெலும்பு சிகிச்சை"ன்னு போர்டு மாட்டின ஒரு ஏசி கிளினிக், தையல் வேலை பாக்குற எங்க சித்தப்பாகிட்ட 42,000 ரூபாயை முன்கூட்டியே கறந்துடுச்சு.

அவருக்கு கழுத்துல ஆறாவது, ஏழாவது எலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கி சி7 நரம்பை, அதாவது கழுத்துலேர்ந்து கைக்குப் போற ஏழாவது நரம்பை, அழுத்துது. நடுவிரல் மரத்துப்போகும், முழங்கையை நீட்டுற பலம் குறையும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மரத்தா பெரும்பாலும் சி6, அதாவது ஆறாவது நரம்பு. கையைத் தூக்கித் தலைமேல வெச்சா வலி குறையுதுன்னா கழுத்து நரம்பைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இது அடிப்படைப் பாடம். அங்க ஒருத்தரும் விரலைத் தொட்டுப் பாக்கல, கை பலத்தைச் சோதிக்கல.

டீ குடுத்து உக்கார வெச்சு, அரை மணி நேரம் பொறுமையா கேட்டிருக்காங்க. இத்தனை மாசமா யாருமே காது குடுக்காத வலி, மனுஷன் நம்பிட்டார். அப்புறம் எம்ஆர்ஐ பிலிமை லைட்டுல மாட்டி, "நரம்பு நசுங்கிடுச்சுண்ணா, விட்டா கை விளங்காது, ஆபரேஷன் பண்ணா படுத்த படுக்கை. 65,000 ஆகும், இன்னிக்கே கட்டினா 42,000." மோதிரம் அடகுக்குப் போச்சு.

செஞ்சது என்ன? லேசர், தோல்மேல கப்பை கவுத்து உறிஞ்சுற கப்பிங், கடைசியில கழுத்தை வெடுக்குன்னு ஒரு திருப்பு. கை பலம் குறையுற ஆளுக்கு அதைச் செய்யவே கூடாது. ஜவ்வு இன்னும் பிதுங்கலாம், கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம்கூட வரலாம். அதுக்கப்புறம் முழங்கை பலம் இன்னும் இறங்கிடுச்சு. கேட்டா, "நரம்பு திறக்குது, அப்படித்தான் இருக்கும்."

பணத்தைக் கேட்டா மேனேஜர் லீவு. அப்புறம் ஹெட் ஆபீசுக்கு மெயில் போடணும். அப்புறம் ரசீது பின்னாடி பொடி எழுத்துல "பணம் திரும்பத் தரப்படாது". கடைசியா, "மீதி சிட்டிங்கை சித்திக்கு முட்டி வலிக்கு மாத்திக்கோங்க." 42,000 ரூபாய்க்கு இதுதான் பதில்! இப்ப போனையும் எடுக்கறதில்ல.

இந்த வலி பெரும்பாலானவங்களுக்கு 6 முதல் 12 வாரத்துல ஆபரேஷன் இல்லாமலே தணியும். கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை, அதுவும் கிட்னி, அல்சர் பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுத்தான். ராத்திரியில பிரிகாபலின்ங்கற நரம்பு வலி மருந்து குடுப்பாங்க, தூக்கமும் தலைசுத்தலும் வரும், வண்டி ஓட்டுறவங்க ஜாக்கிரதை, திடீர்னு நிறுத்தவும் கூடாது. கழுத்துப் பட்டை (காலர்) ஓரிரு வாரத்துக்கு மேல போட்டா தசை தளர்ந்துடும். முகவாயை உள்ள இழுக்குற பயிற்சி, தோள்பட்டை எலும்புத் தசைக்குப் பலம் ஏத்துற பயிற்சி, இதெல்லாம் பிசியோகிட்ட கத்துக்கிட்டு வீட்டுலயே செய்யலாம். ஆறு வாரம் தாண்டியும் குறையலன்னா ஊசி, ஆபரேஷன் பத்திப் பேசலாம். பலம் இறங்கிட்டே போனா காத்திருக்கவே வேண்டாம். ஆபரேஷன் பண்ணவங்களும் பெரும்பாலும் மறுநாளே எழுந்து நடக்குறாங்க, படுத்த படுக்கைங்கறது பச்சைப் பொய். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவே இருக்கு, அங்க காட்டுங்க.

விரிவா எழுத நினைச்சேன், கோபத்துல முடியல. மொத்தமா கட்டாதீங்க, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியா குடுங்க. சீட்டுல டாக்டரோட பதிவு எண் இல்லன்னா எழுந்து வந்துடுங்க. சட்டை பட்டன் போட முடியல, நடை தள்ளாடுது, சிறுநீர் அடக்க முடியலன்னா அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஏற்கனவே ஏமாந்தவங்க ரசீதைப் பத்திரமா வெச்சுக்கிட்டு 1915க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போட்டுப் புகார் பதியுங்க.