58 சிசி செயின்சா: எஞ்சினுக்கு நூறு மார்க், ஆயில் டியூப்புக்கு முட்டை

58 சிசி பெட்ரோல் செயின்சா விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிப் போடலாமா என்று சித்தப்பா மகன் கேட்டான். என்னிடம் இருப்பதும் அதுதான். செயினுக்கு ஆயில் போகாமல் பழசு கெட்டு, போன வாரம்தான் புது பாரும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) புது செயினும் மாட்டினேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். 22 அங்குல பார், .325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு), 86 லிங்க் செயின். ஆன்லைனிலும் டவுன் கடைகளிலும் ஏகப்பட்ட பெயர்களில் விற்கிற அதே மெஷின்தான். இங்கே முக்கால்வாசி சீமைக் கருவேலம் அறுப்பு. மிச்சம், காற்றில் சாய்ந்த வேம்பும் காய்ப்பு நின்றுபோன தென்னையும்.

எஞ்சினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். காலையில் சோக்கை இழுத்துக் கயிற்றை மூன்று நான்கு தரம் சுண்டினால் ஒரு உறுமல் வரும். சோக்கைத் தள்ளி இன்னொரு இழுப்பு, பிடித்துக்கொள்ளும். ஒன்றரை அடி விட்டமுள்ள பச்சை வேம்பில் பாரை முழுசாக இறக்கினாலும் திணறாது. லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2T ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில்), பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ., வேலை முடிந்ததும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவது. இதற்கு மேல் அது எதையும் கேட்டதில்லை. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், கொஞ்ச நாள் சும்மா வைக்கப் போகிறோம் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போய், அடுத்த தடவை கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். இதற்கு மெஷினைத் திட்ட முடியாது.

என் வயிற்றெரிச்சல் முழுக்கச் செயின் ஆயில்மேல்தான்.

செயினுக்கு ஆயில் போகும் வழி சின்ன வழி. டேங்குக்குள் ஒரு ஃபில்டர், அதிலிருந்து ரப்பர் டியூப், கிளட்ச் டிரம் (செயினை ஓட்டுகிற கிண்ணம்) சுற்றினால் சுற்றும் பம்ப், அங்கிருந்து பாடியில் ஒரு துளை, அதற்கு நேராக பாரில் ஒரு துளை, அப்புறம் பாரின் காடி, அதாவது செயின் ஓடுகிற பள்ளம். இதில் எங்கே அடைத்தாலும் செயின் வறண்டுதான் ஓடும். அடிக்கடி அடைப்பது பார் துளை. தூளும் ஆயிலும் குழைந்து சந்தனம் மாதிரி அப்பிக்கொள்ளும். பாரைக் கழற்றி ஒரு கம்பியால் குத்திவிட்டு, காடியை மெல்லிய தகட்டால் வழித்துவிட்டால் சரியாகிவிடும். அது எந்த மெஷினிலும் இருக்கிற வேலை, பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்த டியூப். டிரம்மைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பம்ப்புக்குள் நுழைகிற இடத்தில் முழங்கையாக மடங்குகிறதே, அங்கேதான் வெடிக்கிறது. வெளியே பார்த்தால் கறுப்பாக, நல்ல பிள்ளையாக இருக்கும். இரண்டு விரலால் வளைத்தால் வெடிப்பு வாயைத் திறக்கும். அந்த வெடிப்பு வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சும், ஆயில் ஏறாது. டேங்கில் ஆயில் நிறைய இருக்கிறதே என்று அறுத்துக்கொண்டே போவோம். பார் விளிம்பு நீலம் பூத்த பிறகுதான் விஷயம் தெரியவரும். இத்தனை திடமான எஞ்சினைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு விரல் நீள டியூப்பில் நல்ல ரப்பர் போடத் தெரியாதா? அற்ப விலைச் சாமான், பல மடங்கு விலையுள்ள பாரையும் செயினையும் தின்றுவிட்டுப் போகிறது.

மாற்றுவது கஷ்டமில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கயிற்றை மடித்துச் செருகினால் பிஸ்டன் நின்றுவிடும். டிரம்மைப் பிடித்திருக்கிற கிளட்ச் இடது மரை. கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், அதற்கு மேல் முறுக்கினால் உடையும். திரும்ப மாட்டும்போது பம்ப் கியரின் கம்பி முனை டிரம் விளிம்பில் உள்ள வெட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உட்காரவில்லை என்றால் புது டியூப் போட்டும் பிரயோஜனமில்லை.

தினமும் அறுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. வெளுத்த அடிக்கட்டை எதற்காவது நேரே, ஒரு சாண் தள்ளி பார் நுனியைக் காட்டி, பாதி ஆக்ஸிலேட்டரில் ஓட்டுங்கள். கட்டைமேல் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் மரத்தில் வைக்காதீர்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் கிட்டத்தட்டக் காலியாகியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் நின்றால் எங்கோ அடைப்பு.

வொர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதில் இரும்புப் பொடி இருக்கிறது, பம்ப்பையும் காடியையும் தேய்க்கும். புது எஸ்.ஏ.இ. 30 எஞ்சின் ஆயில் போதும், சித்திரை வைகாசி வெயிலில் அதைவிடக் கெட்டியான 40. வேலை முடிந்து வைத்தால் அடியில் ஆயில் ஒழுகிக் கிடக்கும், அது தனி எரிச்சல். டேங்க் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளுகிறது. மூடியை ஒரு தரம் திறந்து மூடிவிட்டு வைத்தால் பெரும்பாலும் நிற்கும். செயினையும் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி, எஞ்சின் தண்டைத் தாங்குகிற கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

ஆயில் ஒழுங்காக வந்தாலும் கருவேலம் சும்மா விடாது. தூரில் மண் ஏறியிருக்கும்; அரிவாளால் பட்டையைச் சீவிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் மேலே அறுக்க வேண்டும். காய்ந்த கருவேலம் பச்சையைவிடச் சீக்கிரம் பல்லை மழுக்கும். தென்னை இன்னொரு தினுசு. வெளியே வைரம், உள்ளே சோறு. அந்த வைரத்தில் சிலிக்கா இருப்பதால் பல்முனை போய்விடும். நார் வேறு செயினை ஓட்டுகிற பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) சுற்றிக்கொண்டு ஆயில் துளையை மூடும். தென்னைக்குப் பிறகு கிளட்ச் கவரைத் திறக்காமல் அடுத்த மரத்துக்குப் போகவே கூடாது.

பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் 4.8 மி.மீ. உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தேய்ப்பு, 30 டிகிரி சாய்வில், அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும். பல்லுக்கு முன்னால் இருக்கிற மேடு பல்முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். சீவலாக விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது, மாவாக விழுந்தால் அரத்தை எடுங்கள். பல் கூராக இருந்தும் வெட்டிலிருந்து புகை வந்தால் மறுபடி அந்த டியூப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு இதைச் சொல்வது பொருந்தாதுதான். ஆனால் இந்த வாரம் கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. கரிமூட்டத்துக்கு விறகு அறுத்துப் பிழைக்கிறவர், கூடக் கொஞ்சம் பணம் போட்டு, உதிரி சாமான் பக்கத்து டவுனிலேயே கிடைக்கிற கம்பெனி மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். தம்பி, நீ விலையைப் பார்த்து இதைத்தான் வாங்குவாய் என்று தெரியும். வாங்கினால் பில் போடும்போதே அந்த டியூப் இரண்டு கேட்டு வாங்கிக்கொள். கடையில் இருப்பு இல்லை என்றால் மெஷினையும் அங்கேயே வைத்துவிட்டு வா.