சூரியனைப் பார்க்க எந்தத் தொலைநோக்கி? என் ஓட்டு 70 மி.மீ.க்கு

தொலைநோக்கி வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது, வில்லை எவ்வளவு பெரியது என்பதைத்தான். இரவு வானத்துக்கு அது சரியான கேள்வி. சூரியனிடம் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, வருவதில் லட்சத்தில் ஒரு பங்கை உள்ளே விட்டாலே கண்ணுக்குப் போதும். போதாததற்கு, பகலில் தரை சூடேறிக் காற்று அலைபாய்வதால் பெரிய ஆடி காட்டக்கூடிய நுணுக்கம் பெரும்பாலும் கலங்கிப்போகிறது. எனவே 130 மி.மீ. ஆடித் தொலைநோக்கிக்கும் 70 மி.மீ. வில்லைத் தொலைநோக்கிக்கும் இடையே, சூரியனுக்கென்றே வாங்குவதானால், சிறியதை வாங்குங்கள். விலை குறைவு, மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவதும் எளிது. வீட்டில் ஏற்கெனவே 130 இருந்தால் புதிதாக எதுவும் வேண்டாம், அதற்கு வடிகட்டி மட்டும் செய்துகொள்ளலாம்.

உண்மையான போட்டி, குழாயின் முன்வாயை மூடி ஒளியைக் குறைக்கும் வடிகட்டித் தாளுக்கும் பிம்பத்தை விழவைக்கும் திரைக்கும் இடையில்தான். பிம்பத்தை வெள்ளைத் திரையில் விழவைக்கும் முறை கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி வகுத்தது. 1612-இல் கலிலியோ சூரியப் புள்ளிகளை வரைந்தது இப்படித்தான். செலவே இல்லை, பத்துப் பேர் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் குழாயிலிருந்து வெளியே வருவது வடிகட்டாத, குவிந்த ஒளி. ஒரு சிறுவன் ஆர்வத்தில் கண்ணை வைத்துவிட்டால் பார்வை போய்விடும். மலிவான கருவிகளின் பிளாஸ்டிக் பாகங்கள் உருகவும் கூடும். பள்ளிக்கூடத்தில் காட்டுவதானால் ஒருவர் கருவியை விட்டு நகரவே கூடாது.

வடிகட்டித் தாளின் பக்கம் நான் சாய்வதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை. திரையில் சாம்பல் கறையாகத் தெரியும் புள்ளி, தாள் வழியே பார்த்தால் கருத்த நடுப்பகுதியும் சுற்றிலும் வெளிர்ந்த வளையமுமாகப் பிரிந்து தெரிகிறது. பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் தாள் இதற்குப் பெயர்பெற்றது. வாங்கும்போது, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் அடர்த்தி எண் 5.0 தானா என்று பாருங்கள். அதே பெயரில் வரும் 3.8 புகைப்படத்துக்கானது, கண்ணுக்கு ஆகாது. தாளை இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள், சுருக்கம் இருந்தால் கெடுதல் இல்லை. ஊசித்துளை இருந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். முன்வாயில் பொருத்திய பிறகு காற்று பிடுங்கிவிடாதபடி நாடா சுற்றுங்கள்.

பழைய மலிவுக் கருவிகளுடன் வரும், கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி போட்டியிலேயே கிடையாது. வெப்பம் குவியும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அது திடீரென விரிசல் விடும். உடனே குப்பையில் போடுங்கள். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து.

ஹைட்ரஜன்-ஆல்ஃபா கருவி வேறு ரகம். 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விட்டு, சூரியனின் விளிம்பில் எழும் தழல் நாக்குகளைக் காட்டும். 40 மி.மீ. வகைக்கே பட்ஜெட் தாங்காது. அதன் பக்கம் ஒரு நியாயம் உண்டு: புள்ளிகள் கூடிக் குறையும் சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-ஐ ஒட்டிக் கடந்துவிட்டது. இனி புள்ளிகள் குறையும், தாளில் வெறும் வட்டம் மட்டுமே தெரியும் நாள்கள் கூடும். அதற்காக வெண்ணொளியை, அதாவது தாள் காட்டும் சாதாரண ஒளியை, மட்டமாக எண்ண வேண்டாம். கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் எடுத்த வெண்ணொளிப் படங்களை ஆய்வாளர்கள் இன்றும் அலசுகிறார்கள்.

எதை வாங்கினாலும், குழாயின் மேலிருக்கும், குறிபார்க்க உதவும் சிறிய தேடு தொலைநோக்கியைக் கழற்றிவிடுங்கள், அதற்கு வடிகட்டி கிடையாது. தரையில் விழும் குழாயின் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்பினால் சூரியன் தானாக உள்ளே வந்துவிடும்.